சென்யா விற்காத முதல் வீடு

வீட்டுத் தரகர் பரீட்சையில் தேறிவிட்டால் மறுநாளே வீடு விற்கக் கிளம்பிவிடலாம் என்றுதான் சென்யா ஹால்வர்சன் நினைத்துக்கொண்டிருந்தாள். யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்? ஏரிக்கரை மலைச்சரிவில் இருக்கும் டுலூத் நகரம் கழுத்துவரை பனியில் கிடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, சனி ஞாயிறு பாராமல் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு படித்தவள் அவள். அடமானம், பத்திரம், எல்லைத் தகராறு, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்று அத்தனையும் தலைக்குள் ஏற்றிக்கொண்டு ஒரே முயற்சியில் தேறியும் விட்டாள். அப்புறம்தான் விஷயமே தெரிந்தது. லைசென்ஸ் உன்னுடையதுதான், ஆனால் ஏதாவது ஒரு புரோக்கர் கம்பெனி உன்னைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும்வரை அதை வைத்து ஒரு கோழிக்கூண்டைக்கூட விற்க முடியாதாம்.

"இது என்ன கூத்து! டிரைவர் லைசென்ஸக் கைல குடுத்துட்டு, பக்கத்துல முதலாளி இல்லாம ஸ்டியரிங்கத் தொடாதேங்கற மாதிரி!" என்று கணவன் கர்ட்டிடம் பொரிந்து தள்ளினாள்.

கர்ட் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல்களுக்குச் சரக்கேற்றுகிறவன். எதற்கும் பதறாத ஆள். "அப்ப பாத்து ஒரு முதலாளியப் பிடி. ஆனா சீக்கிரம் பிடி. நீ ஒரு வாஷிங் மெஷின் வாங்கறதுக்கே மூணு கடை ஏறி இறங்கி, கடைசில பழசையே ரிப்பேர் பண்ணினவ," என்றான்.

அது பொய்யில்லை. சென்யா எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் இல்லை. பதினேழு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஏரியிலிருந்து செங்குத்தாக மேலேறும் அந்தத் தெருக்களில், கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும் ஐஸின் மேல், பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவளுக்கு நிதானம் இல்லாவிட்டால் எப்படி? காலையில் ஒரு சவாரி, மாலையில் ஒரு சவாரி. நடுவில் பகல் முழுக்கச் சும்மா. கோடை வந்தால் மூன்று மாதமும் சும்மா. அந்த நேரத்தில் பகுதிநேரமாக வீடு விற்கலாமே என்கிற எண்ணம் அவளுக்கு வெறுமனே வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் அவள் அப்பாவின் வீடு.

அப்பா வைனோ கெத்தோலா காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேற்கு டுலூத்தில் மலைச்சரிவில் நீல வர்ணம் அடித்த வீடு. கீழே பேஸ்மென்ட்டில் அவரே மரம் இழைத்துக் கட்டிய சௌனா, ஃபின்லாந்துக்காரர்களின் நீராவிக் குளியலறை. அம்மா எல்வி இறந்து மூன்று வருஷமாகிறது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுக்கவே, போன நவம்பரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று, "வசந்தம் வந்தா வீட்ட வித்துரலாம்னு இருக்கேன்," என்றார். சென்யா அன்று இரவே முடிவு செய்துவிட்டாள். அம்மா வாழ்ந்த வீட்டை எவனோ முன்பின் தெரியாதவன் விற்கக்கூடாது. நான்தான் விற்க வேண்டும். என் கையால் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இந்த முடிவை அவள் அப்பாவிடம் சொன்னாளா? இல்லை. மகள் வீடு விற்கப் படிக்கிறாள், அப்பா வீட்டை விற்கப் போகிறார், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். அவருமே கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதிலேயே அவர்களுக்கு ஒரு பெருமை வேறு!

ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனி பார்க்கக் கிளம்பினாள். முதலாவதில் ஆபீசே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில். ஏதோ வெயில் ஊரிலிருந்து ஒருத்தி திரையில் தோன்றி, "ஹாய் சோன்யா!" என்று கைதட்டினாள். "சென்யா," என்றாள் இவள். "சூப்பர், சோன்யா!" என்றாள் அவள். இவள் மெதுவாகக் கம்ப்யூட்டரை மூடினாள்.

இரண்டாவது, ஹார்பர் கேட் ரியால்ட்டி. ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம், காபி போட்டுத் தர ஒரு மிஷின், சுவரெல்லாம் பரிசுக் கேடயம். அதன் முதலாளி பிரென்ட் லண்டீன் என்கிறவனுக்கு நாற்பது வயதிருக்கும். பல் மட்டும் இருபது வயதுப் பல். ஊரில் பாதி பஸ் ஸ்டாப் பெஞ்சு விளம்பரங்களில் அந்தப் பல்தான் சிரிக்கும்.

"பகுதிநேரமா? தாராளமா! எங்ககிட்ட டீச்சர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, ஒரு பாதிரியார்கூட இருக்காரு," என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். "பஸ் ஓட்டறீங்களா? அடேங்கப்பா! உங்களுக்குத் தெரியாத வீடு இந்த ஊர்ல இருக்குமா? சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விக்கறதுக்கு முதல் வீடு கைல இருக்கா?"

அதுவரை பரீட்சை எழுதப் போன பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தவளுக்கு, விடை தெரிந்த கேள்வி வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கே! எங்க அப்பா வீடு," என்றாள். அதோடு நிறுத்தினாளா? எந்தத் தெரு, என்ன வர்ணம், எத்தனை அறை, கீழே சௌனா, அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா போய் மூன்று வருஷம், ஜூனுக்குள் மாறிவிட நினைக்கிறார் என்று ஒன்று விடாமல் கொட்டினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "பாவம்ங்க அப்பா," என்றுகூடச் சொன்னான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்கே சேந்துடுங்க," என்றான்.

"இன்னும் ஒரு இடம் பாக்கணும். யோசிச்சுச் சொல்றேன்," என்று எழுந்தாள். வாஷிங் மெஷின் வாங்குகிறவள் அல்லவா!

மூன்றாவது இடம் தூண்டில் கடைக்கு மாடியில். மாடிப்படியில் ஏறும்போதே மீன் வாடை. லவோன் ஸ்கோகன் என்கிற அறுபது தாண்டிய அம்மாள், தனக்குக் கீழே நான்கு ஏஜென்ட்டுகளை வைத்துக்கொண்டு தனியாக நடத்துகிற கம்பெனி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வீடு வாங்கறவன் போன் பண்ணினா யாரு எடுப்பா?"

"சவாரி முடிஞ்சதும் நானே..."

"அதுக்குள்ள அவன் வேற வீட்ட வாங்கியிருப்பான். சரி, அத அப்புறம் பேசுவோம். ஏன் இந்தத் தொழிலுக்கு வர்ற?"

"முதல் வீடு ஒண்ணு கைல இருக்குங்க. எங்க..."

லவோன் படாரென்று கையை உயர்த்தினாள். "நிறுத்து! யாரு வீடுன்னு எங்கிட்டச் சொல்லாத. தெருவும் சொல்லாத. நீ இன்னும் எங்கயும் கையெழுத்து போடல. போடற வரைக்கும் இந்தத் தொழில்ல நீ ஆளே கிடையாது. நீ வாய்விட்டுச் சொல்ற எதையும் எவன் வேணா எடுத்துக்கிட்டுப் போயி அந்தக் கதவத் தட்டலாம். அது திருட்டுக்கூட இல்ல. வேற எங்கயாவது சொல்லித் தொலைச்சியா?"

சென்யாவுக்கு "இல்லை" என்று சொல்லவும் வாய் வரவில்லை, "ஆமாம்" என்று சொல்லவும் வெட்கம். "பெரிசா ஒண்ணும் சொல்லல," என்று முணுமுணுத்துவிட்டு இறங்கி வந்தாள். அன்று இரவு அதே நினைப்பு. அப்புறம், சே, அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன், அழகாகப் பேசினான், அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். எந்த இடத்தில் சேருவது என்று இன்னும் ஒரு வாரம் யோசித்தாள். கர்ட் தினம் ஒருமுறை, "மெஷின் வாங்கியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை. வழக்கமான சவாரி. அப்பாவின் தெருமுனையில்தான் ஏழெட்டுப் பிள்ளைகள் ஏறும் நிறுத்தம். சென்யா பஸ்ஸை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, கதவைத் திறந்தாள். திறந்த கையோடு பழக்கதோஷத்தில் மேலே நீல வீட்டைப் பார்த்தாள்.

பாதி உருகிய பனிமேட்டில், அம்மா லில்லிக் கிழங்கு ஊன்றிய இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பலகை நின்றது. விற்பனைக்கு என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பிரென்ட் லண்டீனின் பற்கள்.

அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணை மூடித் திறந்தாள். பலகை அங்கேயே இருந்தது. நேற்று மாலை இல்லை. நேற்று மாலை இதே இடத்தில்தானே நிறுத்தினாள், இல்லவே இல்லை! பிள்ளைகள் பையை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"மிஸ் சென்யா, உங்க அப்பா வீட்ட விக்கறாங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "அந்தப் பல்லு மாமா யாரு?"

"உக்காரு," என்றாள் சென்யா. தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எல்லாரும் உக்காருங்க."

எப்படிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கைகள் பாட்டுக்கு ஓட்டின. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை டிப்போவில் விட்டு, தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் போனை எடுத்துப் பிரென்ட்டைக் கூப்பிட்டாள்.

"சென்யா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றான் பிரென்ட். குரலில் ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம்? ஒன்றும் கிடையாது! "பலகையப் பாத்தீங்களா? ஜம்முனு இருக்குல்ல? அப்பா தங்கமான மனுஷன்ங்க."

"அது... அது நான் விக்கப்போற வீடு."

"ஆமா, அதனாலதான் நேரத்தக் கடத்தாம ஆரம்பிச்சுட்டோம். நீங்க யோசிச்சிக்கிட்டே இருந்தீங்க, வசந்தகாலம் உங்களுக்காகக் காத்திருக்குமா? 'உங்க மகதான் அனுப்பினாங்க'ன்னு அப்பாகிட்டச் சொன்னேன். கதவ அகலமாத் திறந்துட்டாரு."

"நான் அனுப்பினேன்னா சொன்னீங்க?"

"ஒரு விதத்துல நீங்கதானே அனுப்பினீங்க?" அவன் சிரித்தான். சிரித்தே விட்டான்! "கோச்சுக்காதீங்க. மத்தியானம் வந்து எங்ககிட்டக் கையெழுத்து போடுங்க. அந்தப் பலகைல என் பேருக்குக் கீழ உங்க பேரையும் மாட்டிடலாம். உங்க முதல் வீடு! ஆசைப்பட்டதும் அதுதானே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தாள். கேட்கவில்லை. ஆனால் அதைவிடக் கேவலம், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பலகையில் தன் பெயர் கண்முன்னால் வந்து போனது. அது வந்ததே என்றுதான் அவளுக்குக் கூடுதல் அதிர்ச்சி. போனை வைத்தாள்.

நேரே தூண்டில் கடை மாடி. மூச்சிரைக்க லவோன் முன்னால் போய் நின்றாள். "பேப்பரக் குடுங்க. கையெழுத்து போடறேன். அவன விடக்கூடாது. எங்கப்பாகிட்டப் போயி அவன் யோக்கியதையச் சொல்லி, வீட்ட நம்ம பக்கம் கொண்டுவந்துடறேன்."

லவோன் காகிதத்தை எடுத்து வைத்தாள். பேனாவை நீட்டினாள். சென்யா அதைத் தொடப் போகும்போது வெடுக்கென்று திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல நடந்ததச் சொல்லு."

சென்யா சொன்னாள். கொட்டினதையும் சொன்னாள். லவோன் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இப்ப நல்லாக் கேட்டுக்க," என்றாள் லவோன். "உங்கப்பா இன்னொரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுட்டாரு. இதுல நீ கையெழுத்து போட்ட அடுத்த நிமிஷம் நீ எதிர்க் கம்பெனி ஏஜென்ட். அப்புறம் அந்த ஒப்பந்தத்தப் பத்தி, அவன விட்டுட்டு இங்க வாங்கன்னு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசினா நீதான் குத்தவாளி. என் கம்பெனியும் சேந்து மாட்டும்."

"அவரு எங்கப்பாங்க!"

"அதுக்கு?"

"பெத்த அப்பாகிட்ட, அவரு ஏமாந்தத நான் சொல்லக்கூடாதா?"

"மக சொல்லலாம். ஏஜென்ட் சொல்லக்கூடாது."

அநியாயமே! களவாணி கதவைத் தட்டலாமாம், மகள் வாயைத் திறக்கக்கூடாதாம். இதற்கா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தாள்? பரீட்சையில் இந்த விதி இருந்தது. அவளும் சரியான விடையைத்தான் எழுதியிருந்தாள். அன்றைக்கு அது வெறும் விதியாக இருந்தது.

"அவன் பொய் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருக்கான்," என்றாள் லவோன், இப்போது கொஞ்சம் மெதுவாக. "மக அனுப்பினான்னு சொன்னது பொய். உங்கப்பாவே எழுதிக் கேட்டா அவன் விட்டுத்தான் ஆகணும். விடலேன்னா மேல புகார் பண்ணலாம். ஆனா அவருக்கா தோணிக் கேக்கணும். நீ இன்னைக்கு இதுல கையெழுத்து போடாத. மகளாப் போ. போயிட்டு வா. பேனா எங்கயும் ஓடிடாது."

"இது எனக்கு முதல் வீடுங்க," என்றாள் சென்யா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தத் தொழில்ல முதல் அடி எப்பவும் சொந்தக்காரங்ககிட்டருந்துதான் விழும்," என்றாள் லவோன். "என் அக்கா தன் வீட்ட விக்க எனக்குக் குடுக்கல. இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரியாது. நீயாவது போயிக் கேளு."

மாலைச் சவாரிக்கு இன்னும் நேரம் இருந்தது. சென்யா அப்பா வீட்டுக்குக் காரில் மலையேறினாள். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். பலகையைத் தாண்டி உள்ளே போகும்போது அந்தப் பற்களை ஓங்கி உதைக்கலாம் போலிருந்தது. உதைக்கவில்லை. எதிர்வீட்டில் ஜன்னல் திரை அசைந்தது.

வைனோ சமையலறையில் இருந்தார். காபி தயாராக இருந்தது. ஏலக்காய் ரொட்டி துண்டுபோட்டு வைத்திருந்தது. இரண்டு கோப்பைகள். ஆக, வருவாள் என்று தெரிந்திருக்கிறது!

"அப்பா, வாசல்ல அந்தப் பலகை..."

"பாத்துட்டியா."

"பாத்துட்டியாவா? பஸ் நிறையப் பிள்ளைங்களோட பாத்தேன்பா! செத்தே போயிட்டேன்!"

"ஞாயித்துக்கெழம நீ வரும்போது சொல்லலாம்னு இருந்தேன். அந்த ஆளு அவசரக்குடுக்க. விடியறதுக்குள்ள வந்து அடிச்சிட்டுப் போயிட்டான்." அவர் காபியை ஊற்றினார். "உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், லவோன் தன் வாயை அடைத்ததையும் சேர்த்து. "நான் அவன அனுப்பலப்பா. சத்தியமா அனுப்பல. வேலை கேட்டுப் போன இடத்துல உளறிட்டேன், அவன் அதத் தூக்கிட்டு இங்க வந்துட்டான். என் பேரச் சொல்லி உங்கள ஏமாத்தியிருக்கான். நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும், ஒப்பந்தம் முறிஞ்சிடும். நான் இன்னும் எங்கயும் கையெழுத்து போடல. உங்க மகளாத்தான் வந்து நிக்கறேன்."

வைனோ ரொட்டியைக் காபியில் நனைத்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ அனுப்பலேன்னு. கதவத் தொறந்த ஒடனே தெரியும். நீ அனுப்பியிருந்தா, உள்ள போகும்போது ஷூவக் கழட்டுன்னு சொல்லி அனுப்பியிருப்ப. அவன் ஷூவோட ஹால் வரைக்கும் வந்துட்டான்."

சென்யா காலையில் பலகையைப் பார்த்தபோதுகூட இப்படி ஆடிப் போகவில்லை.

"தெரிஞ்சேவா கையெழுத்து போட்டீங்க?"

வைனோ மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்து "ம்" என்றார். அவர் அகராதியில் அதுதான் ஆமாம்.

"பொய் சொல்றவன்னு தெரிஞ்சும்?"

"பேஸ்மென்ட் செவுரு விரிஞ்சிருக்கறதப் பாத்துட்டு, பழைய வீட்டுக்கே உரிய அழகுன்னான். அந்த வாய்தான் வீட்ட விக்கும்."

"வெளையாடாதீங்கப்பா!" அவள் கத்தியே விட்டாள். அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. "என்மேல நம்பிக்கை இல்லேன்னு நேரடியாச் சொல்லுங்க. பகுதிநேரக்காரி, பஸ் ஓட்டறவ, இவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சிட்டீங்க. எவனோ ஒருத்தன நம்பலாம், என்ன நம்பக்கூடாது. உங்களுக்காகத்தான் படிச்சேன்! அம்மா வீட்ட வேற எவனும் தொடக்கூடாதுன்னுதான் படிச்சேன்!"

"ஐஸ்ல பஸ் ஓட்டறவ நீ. உன்ன நம்பாம யாரப்போயி நம்பறது?" என்றார் வைனோ. அவர் குரல் உயரவே இல்லை. "நீ படிச்சது எனக்காகன்னு எனக்குத் தெரியும். அதான் அவன் வந்து நின்னப்ப, நல்லதாப் போச்சுன்னு போட்டுட்டேன். நீ ஏதாவது ஒரு கம்பெனில சேந்து, பேப்பரத் தூக்கிட்டு வந்து நின்னா, உன்ன என்னால வேணாம்னு சொல்லியிருக்க முடியாது."

"ஏன் வேணாம்னு சொல்லணும்?" இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வைனோ ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்ப்பக்கம் மூன்றாவது வீட்டைக் காட்டினார். "கோர்டன் வீட்ட வித்தானே, போன இலையுதிர்காலத்துல. ஓபன் ஹவுஸ்னு ஒரு நாள் வச்சாங்க. ஊர்ல இருக்கற அத்தனை பேரும் வந்து வீட்டச் சுத்திப் பாக்கற நாளு. வீட்டுக்காரன் உள்ள இருக்கக்கூடாதாம். அவன் வெளிய தெருவுல, தன் வண்டிக்குள்ள உக்காந்திருந்தான். மத்தியானம் பூரா. தனியா. எஞ்சின்கூடப் போடல. உள்ள ஏஜென்ட் பொண்ணு சிரிச்சிக்கிட்டே அவன் பொண்டாட்டி அலமாரியத் தொறந்து காட்டிக்கிட்டு இருந்தா. அது அவ வேலை, அவளச் சொல்லிக் குத்தமில்ல. நான் இந்த ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். போயி அவன்கூட உக்காரணும்னு தோணிச்சு. என்ன பேசறதுன்னு தெரியல. போகல."

சென்யாவும் அந்த வீட்டைப் பார்த்தாள்.

"இங்கயும் சனிக்கெழம வச்சிருக்கான் அவன்," என்றார். "நீ ஏஜென்ட்டா இருந்தா, அன்னைக்கு நீ உள்ள இருக்கணும். எல்வியோட அடுப்படிய யார் யாருக்கோ காட்டிக்கிட்டு. சிரிச்சிக்கிட்டு." ரொட்டித் துண்டு காபிக்குள் உடைந்து விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. "நீ உள்ள அவங்களோட நின்னா, வெளிய எங்கூட யாரு இருக்கறது?"

சென்யாவுக்கு நாற்பத்தைந்து வருஷமாக இந்த மனிதரைத் தெரியும். இவருக்கு யாராவது கூட இருக்க வேண்டும் என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை. அன்று அவள் பார்த்த எதைவிடவும் இதுதான் அவளை உலுக்கியது. மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தூண்டில் கடை மாடி அம்மா, உன்ன முதல்ல வாய மூடுன்னு சொன்னாளே, அவகிட்டயே சேரு," என்றார் வைனோ. "அவ சரியான ஆளு. அந்தப் பல்லுக்காரன்கிட்டச் சேந்து உன் பேர அந்தப் பலகைல மாட்டினியோ, ரம்பம் எடுத்து நானே அறுத்துப் போட்டுடுவேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கெழம எத்தனை மணிக்கு வரணும்?"

"மத்தியானம் ஆரம்பிக்குதாம். அதுக்கு முன்னால வந்துடு."

"எங்க போலாம்?"

வைனோ யோசித்தார். அந்த ஊரில் மலைச்சரிவு முழுக்க வீடுகள். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் நீல வர்ணம் கண்ணில் படும். துறைமுகத்திலிருந்தும் படும், பாலத்திலிருந்தும் படும்.

"எங்க வேணா ஓட்டு," என்றார். "வீடு தெரியாத பக்கமாப் பாத்து ஓட்டு."